சமையல் மேடையில் ஏறும் பூனையை என்ன செய்வது?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டில் 2 வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது. எந்நேரமும் சமையல் மேடைமேல் ஏறிவிடுகிறது. திட்டிப் பார்த்தாயிற்று, முகத்தில் தண்ணீர் தெளித்தும் பார்த்தாயிற்று. ஆள் இருந்தால் ஏறுவதில்லை. ஆனால் காலையில் எழுந்து வந்து பார்த்தால் மேடை முழுக்கக் கால் தடம், பால் பாத்திரத்து மூடி தரையில் கிடக்கிறது. மாமியார், "மேடைல ஏறிப் பழகுன பூனை ஊட்டுக்கு ஆகாது அம்மிணி, எங்காச்சும் கொண்டுபோயி உட்டுப்போட்டு வரச் சொல்லு" என்கிறார். பூனையை விடவும் மனமில்லை, அவரோடு மல்லுக்கட்டவும் மனமில்லை. என்ன செய்யட்டும் என்பது கேள்வி.

பூனையை எங்கும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. 2 வயது என்பது பழக்கத்தை மாற்றிக்கொள்ள நல்ல வயதுதான். பூனை அடம் பிடித்துக்கொண்டு ஏறவில்லை. மேடையில் அதற்கு ஏதோ கிடைக்கிறது. கிடைக்கிற வரைக்கும் ஏறும். அங்கே கிடைப்பதை நிறுத்துங்கள், அதையே வேறொரு இடத்தில் கொடுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பாதி வீடுகளில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, பூனை திருந்தவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

"ஆள் இருந்தால் ஏறுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். தண்ணீர் தெளித்ததில் பூனை ஒன்றைக் கற்றுக்கொண்டது. மேடை கூடாது என்பதை அல்ல. நீங்கள் இருக்கும்போது மேடை கூடாது என்பதை. அடியும் அதட்டலும் பூனையிடம் இப்படித்தான் வேலை செய்யும். வலியையோ பயத்தையோ அது தான் செய்த காரியத்தோடு சேர்க்காது, எதிரில் நிற்கும் ஆளோடு சேர்த்துவிடும். நாள் போகப் போக உங்களைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், அல்லது தூக்க வந்த கையைக் கடிக்கும். மேடைக்கு மட்டும் ராத்திரியில் தவறாமல் வரும். அதனால் இன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலை ஓரமாக வைத்துவிடுங்கள். விளக்குமாற்றால் விரட்டுவதும் வேண்டாம்.

சரி, மேடையில் அப்படி என்ன கிடைக்கிறது?

உயரம் கிடைக்கிறது. பூனை வேட்டையாடும் பிராணி, அதே சமயம் நாய்க்கும் பெரிய பறவைக்கும் இரையாகக்கூடிய பிராணியும்கூட. மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. நம் வீட்டு மேடை பெரும்பாலும் இரண்டே முக்கால் அடியிலிருந்து மூன்றடி உயரம் இருக்கும். ஆரோக்கியமான பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி தாவும். ஆக மேடை அதற்கு ஒரு படி மாதிரி. அதிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சன்னல் இருந்து, வெளியே முருங்கை மரமும் அணிலும் தெரிந்தால், வீட்டிலேயே நல்ல இருக்கை அதுதான். உயரத்தைத் தேடுவதை எந்தப் பூனையிடமிருந்தும் எடுக்க முடியாது. எந்த உயரம் என்பதை மட்டும்தான் மாற்ற முடியும்.

அப்புறம், நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். காலையிலும் சாயங்காலமும் வீட்டுப் பெண்கள் நிற்கும் இடம் அடுப்படி. தரையில் உட்கார்ந்தால் உங்கள் கால் மட்டும்தான் அதற்குத் தெரியும். மேடையில் உட்கார்ந்தால் முகம் தெரியும். பூனைக்குப் பாசம் கிடையாது என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் மேடை ஏறும் பூனைகளில் பலவற்றின் உண்மையான காரணம் பசி. கொங்கு நாட்டு வீடுகளில், முக்கியமாகச் சைவச் சமையல் நடக்கும் வீடுகளில், பூனைக்கு வைப்பது தயிர்சோறு, பால்சோறு, மிஞ்சினால் அரிசிம்பருப்புச் சாதம். வயிறு நிறைய வைக்கிறோம், அப்புறமும் ஏன் திருடுகிறது என்று கேட்பார்கள். வயிறு நிறைந்திருக்கும், உடம்புக்கு வேண்டியது கிடைத்திருக்காது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்ற ஒரு சத்து அதற்கு மாமிசத்திலிருந்துதான் வந்தாக வேண்டும், சோற்றிலும் பருப்பிலும் அது கிடையாது. டாரின் குறைந்த உணவு பூனையின் இதயத் தசையைத் தளர்த்திவிடும் என்பதை 1987ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. அது குறைந்தால் கண் பார்வையும் போகும். ஆகவே, வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், அல்லது பூனைக்கென்றே செய்த தீவனம், இதில் ஏதாவது ஒன்று தினமும் இருக்க வேண்டும். கூடவே முட்டையும் வைக்கலாம், நாமக்கல் முட்டை நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. சைவ வீட்டிலும் பூனைக்காக முட்டை வாங்க மனம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முட்டையில் டாரின் மிகக் குறைவு, அதை மட்டுமே வைத்து வளர்க்க முடியாது. தினசரி உணவு பூனைத் தீவனமாக இருந்து, முட்டையும் கோழியும் மேலதிகமாக இருப்பதுதான் பாதுகாப்பு. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் அதில் சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

எத்தனை தடவை வைக்கிறோம் என்பதும் முக்கியம். வெளியில் வேட்டையாடிப் பிழைக்கும் பூனை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சின்னச் சின்ன இரையாகத் தின்னும். நாம் காலையில் ஒரு வட்டில், ராத்திரி ஒரு வட்டில் என்று வைத்தால் நடுவில் இருக்கும் நேரமெல்லாம் அது தேடிக்கொண்டேதான் இருக்கும். அதே அளவை நான்கைந்தாகப் பிரித்து வையுங்கள்.

பாலைப் பற்றி ஒன்று. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். ஆனாலும் பாலில் இருக்கும் கொழுப்பின் வாசம் அதை இழுக்கும். இனிப்பும் அப்படித்தான். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதற்கான மரபணு அதனிடம் வேலை செய்வதில்லை என்று 2005ல் கண்டுபிடித்தார்கள். ஒப்புட்டுத் தட்டை அது நக்குகிறது என்றால் வெல்லத்துக்காக அல்ல, மேலே ஊற்றிய நெய்க்காக.

மேடையில் எப்போதாவது ஒரு தடவை ஏதாவது கிடைப்பது, தினமும் கிடைப்பதைவிட மோசம். கீழ்பவானி வாய்க்காலில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். தினமும் மாட்டாது. என்றைக்கோ ஒரு நாள் நல்ல மீன் மாட்டியது, அதை நினைத்து இன்றும் உட்கார்ந்திருப்பார். பூனையும் அப்படித்தான். பத்து ராத்திரி மேடையைத் துடைத்து வைத்துவிட்டு, பதினோராவது ராத்திரி பால் பாத்திரத்தை மூடாமல் விட்டால், அந்த ஒரு ராத்திரி மற்ற பத்தையும் அழித்துவிடும். அதனால்தான் "பெரும்பாலும் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம்" என்பது போதாது.

நம் பாட்டிமார்கள் இதற்கு உறி கட்டினார்கள். தயிர்ச் சட்டியும் வெண்ணெய்ப் பானையும் கூரையிலிருந்து தொங்கும், பூனையால் எட்ட முடியாது. பூனையைத் திருத்தப் பார்க்கவில்லை, பாத்திரத்தை மேலே ஏற்றினார்கள். அப்புறம் கம்பி வலை வைத்த மர அலமாரி வந்தது. இன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, ஆனால் காய்ச்சிய பால் ஆறட்டும் என்று மேடையிலேயே இருக்கும். அங்கேதான் சிக்கல். பால் ஆறும் நேரத்துக்கு மட்டும் கதவு உள்ள அலமாரிக்குள் வையுங்கள், அல்லது தட்டால் மூடி மேலே கனமாக ஒரு குழவிக் கல்லையோ தண்ணீர் நிரம்பிய சொம்பையோ வையுங்கள். நெய்க் கிண்ணம், கருவாட்டுப் பை, முட்டைத் தட்டு எல்லாம் உள்ளே போக வேண்டும். கறிக்குழம்பு ஊற்றிய தட்டுகளைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று தொட்டியில் போடாதீர்கள். முடியாத நாளில், தொட்டியில் தண்ணீர் நிறையப் பிடித்து மூழ்கும்படி விட்டுவிடுங்கள். அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால்தான் வாசம் போகும். மூடி இல்லாத குப்பைக்கூடை மேடைக்கு அடியில் இருந்தால், அதற்கு ஒரு மூடி வாங்குவது இத்தனையிலும் சுலபமான காரியம்.

உணவு எதுவுமே இல்லாத மேடைக்கும் பூனை விடாமல் போகிறதா? மிக்சிக்குப் பின்னால், சிலிண்டர் குழாய் வரும் ஓட்டையில், மேல் அலமாரி இடுக்கில் வெறித்துப் பார்க்கிறதா? அப்படியானால் அங்கே பல்லியோ எலியோ கரப்பானோ இருக்கிறது. தோட்டத்துச் சாளை வீடுகளில் இது மிகச் சாதாரணம். மக்காச்சோள மூட்டையும் நிலக்கடலை மூட்டையும் அடுக்கிய வீட்டில் எலி வராமல் இருக்காது. எலி பிடிக்கத்தான் அந்த வீட்டுக்கே பூனை வந்தது. அது தன் வேலையைச் செய்கிறது. ஓட்டையைச் சிமெண்டும் கம்பி வலையும் வைத்து அடைத்து, மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால் தேடல் தானாகக் குறையும். எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் அதே கதிதான்.

தண்ணீரும் ஒரு காரணம். சில பூனைகள் வட்டிலில் தேங்கிய தண்ணீரைத் தொடாது, சொட்டும் குழாயில் நக்கும். குழாயின் வாஷரை மாற்றுங்கள். அகலமான மண் சட்டியில் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டு வட்டிலுக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறொரு மூலையில் வையுங்கள். மீசை விளிம்பில் இடிக்காத அளவுக்கு வாய் அகலமாக இருந்தால் நல்லது. சூடும் அப்படித்தான். பூனையின் உடல் வெப்பம் 38லிருந்து 39 டிகிரி செல்சியஸ். நமக்கு இதமாக இருக்கும் காற்று அதற்குக் குளிர். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களிலும் மார்கழி விடியலிலும் அடுப்பு அணைந்த மேடை அதற்கு நல்ல படுக்கை. பழைய சென்னிமலைப் போர்வை ஒன்றை மடித்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் காற்று படாத மூலையில் வைத்தால் அங்கே போய்விடும்.

இனி, மாற்று இடம். இதில்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன்: மேடையை மூடுவதற்கு முன்பே மாற்று இடம் தயாராக இருக்க வேண்டும். அது மேடையைவிட உயரமாக, உங்களைப் பார்க்கும்படியாக, முடிந்தால் சன்னல் ஓரமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் பூனை மரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. அடுக்களை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் நாலடி, நாலரை அடி உயரத்தில் ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலத்துக்கு ஒரு பலகையை இரும்புத் தாங்கி வைத்து ஆசாரியை அடிக்கச் சொல்லுங்கள். கீழே ஒரு முக்காலியோ உயரமான ஸ்டூலோ படியாக இருக்கட்டும். பலகை ஆடக் கூடாது. ஒரு தடவை ஆடி வழுக்கிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது. வழுக்காமல் இருக்கப் பழைய பவானி ஜமக்காளத்தில் ஒரு துண்டு வெட்டி மேலே ஆணி தெரியாமல் அடித்துவிடுங்கள். அந்தத் தடித்த நெசவில் நகத்தை ஊன்றிப் படுப்பது பூனைக்குப் பிடிக்கும். தாங்கும் காலிலோ பக்கத்தில் ஒரு கட்டையிலோ தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் நகம் தீட்டவும் அங்கேயே இடம் ஆயிற்று. பொள்ளாச்சி கயிறு எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும், சாயம் போடாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இடத்தை அமைத்துவிட்டால் மட்டும் பூனை போய் உட்கார்ந்துவிடாது. அங்கே உட்கார்ந்தால் லாபம் என்று அதற்குத் தெரிய வேண்டும். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு அல்லது கோழியைச் சுண்டுவிரல் நக அளவுக்குப் பிய்த்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கப் போகும் முன், பூனைக்கு லேசான பசி இருக்கும் நேரத்தில், பலகையைத் தட்டிக் கூப்பிடுங்கள். ஏறியதும் ஒரு துண்டு. உட்கார்ந்தால் இன்னொன்று. முதல் இரண்டு மூன்று நாள் தாராளமாகக் கொடுங்கள், இடைவெளியே வேண்டாம். அப்புறம் நீங்கள் வெங்காயம் நறுக்கி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தால் ஒன்று, தாளித்து முடிக்கும் வரை இருந்தால் ஒன்று என்று நேரத்தை நீட்டுங்கள். கொடுக்கும்போது எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், "மேல போ கண்ணு" என்றோ வேறு எதுவோ. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். நாளின் சாப்பாட்டு அளவிலிருந்து இந்தத் துண்டுகளைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூனை பெருத்துவிடும்.

இதற்கு நடுவிலும் அது மேடையில் ஏறும். அப்போது கத்தாதீர்கள், கொஞ்சவும் வேண்டாம், கண்ணைப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு கையாலும் தூக்கித் தரையில் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இறக்கிய உடனே சமாதானப்படுத்துவதற்காக ஒரு துண்டு கொடுப்பவர்கள் நிறைய. அதைச் செய்யவே கூடாது. மேடையில் ஏறினால் இறக்கி விடுவார்கள், இறங்கினால் முட்டை கிடைக்கும் என்று அது வரிசையாகக் கற்றுக்கொண்டு, முட்டைக்காகவே ஏற ஆரம்பிக்கும். அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ போகட்டும். அது தானாகப் பலகைக்குப் போனால் அப்போது கொடுங்கள்.

நீங்கள் இல்லாத நேரத்துக்கு மேடையே அதற்குச் சௌகரியம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். அட்டைத் துண்டுகளில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, அது வந்து குதிக்கும் விளிம்பில் வரிசையாக வையுங்கள். பாதத்தில் பிசுபிசுப்பு பூனைக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அட்டையில் ஒட்டினால் காலையில் எடுத்து வைத்துவிட்டுச் சமைக்கலாம், கிரானைட்டிலும் பசை ஒட்டாது. அலுமினியத் தாளைக் கசக்கி விரித்துப் பரப்புவது இன்னொரு வழி. சில பூனைகள் அதைப் பொம்மையாக்கிக் கிழித்துத் தின்னப் பார்க்கும். உங்கள் பூனை அப்படி என்றால் எடுத்துவிடுங்கள். இதெல்லாம் மூன்று நான்கு வாரத்துக்கான ஏற்பாடு மட்டுமே. பாத்திரங்களை அடுக்கி, ஏறினால் சரிந்து விழும்படி வைப்பதை நான் சொல்ல மாட்டேன். அடிபடும், இல்லாவிட்டால் அடுப்படி என்றாலே நடுங்கும் பூனையாகிவிடும், பலகைக்கும் வராது.

நம் வீடுகளில் செய்யும் சில வைத்தியங்கள் பூனையைக் கொல்லும். இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மேடை ஓரத்தில் அந்துருண்டை வைப்பார்கள். அது விஷம், கற்பூரமும் விஷம். ஃபினாயில் ஊற்றித் துடைப்பார்கள். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நடந்த பாதத்தை நக்கினாலே அது உள்ளே போய்விடும். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் இவையும் அப்படியே. மிளகாய்ப் பொடி தூவுவது கண்ணையும் பாதத்தையும் எரித்து வதைப்பது, அதில் பழக்கம் எதுவும் மாறாது. மேடையைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும், தண்ணீர் கலந்த வினிகரும் போதும். மேடையில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து உள்ளே வையுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும்.

அடுக்களைக்குக் கதவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ராத்திரி சாத்திவிடுங்கள், உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அன்றைக்கே தீர்ந்தது. பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் அடுப்படி தனியாகக் கதவோடு இருக்கும். இப்போது கட்டுகிற வீடுகளில் கூடமும் சமையலறையும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. வாசல் என்று ஒன்று இருந்தால், கொசுவலைக்குப் பதிலாக மெல்லிய இரும்பு வலை அடித்த ஒற்றைக் கதவு போட்டுக்கொள்ளலாம். காற்றும் வரும், பூனையும் வராது. வாசலே இல்லாத அமைப்பு என்றால் டேப்பையும் ராத்திரி வழக்கத்தையும்தான் நம்ப வேண்டும்.

பூனை அந்தி நேரத்திலும் விடியலுக்கு முன்பும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. வேட்டை, தீனி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை நீங்களே நடத்திவிடுங்கள். படுக்கப் போகும் முன், ஒரு குச்சியில் துணிக் கீற்றைக் கட்டித் தரையில் இழுத்து இழுத்துக் காட்டி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, கடைசியில் பிடிக்கவும் விடுங்கள். உடனே அன்றைய கடைசிச் சாப்பாட்டை வையுங்கள். பகலைவிட இது கொஞ்சம் பெரிய பங்காக இருக்கட்டும். தின்றுவிட்டு நக்கிக்கொண்டு தூங்கிவிடும். விடியலில் கத்தினால் எழுந்துபோய்ச் சாப்பாடு வைக்காதீர்கள். கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால் நெருப்பை நினைத்துப் பாருங்கள். தென் கொரியத் தலைநகர் சியோலில் 2019 ஜனவரியிலிருந்து 2021 நவம்பர் வரை பூனைகளால் 107 தீ விபத்துகள் நடந்ததாக அந்நகரத் தீயணைப்புத் துறை சொன்னது. தொட்டால் எரியும் மின் அடுப்புகளின் பொத்தான்மேல் பூனை கால் வைத்ததுதான் காரணம். நம் வீடுகளிலும் இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது. வேலை முடிந்ததும் சுவரில் சுவிட்சை அணையுங்கள், அதன்மேல் துணியோ பிளாஸ்டிக் கூடையோ வைக்காதீர்கள். கேஸ் அடுப்பு என்றால் ராத்திரி ரெகுலேட்டரை மூடுங்கள். சமையலறை மாடத்தில் விளக்கேற்றும் வழக்கம் இருந்தால், பூனை உள்ளே இருக்கும்போது விளக்கை எரியவிட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

இனி மாமியார். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மலம் கழித்து மண்ணைத் தள்ளிய கால் சமைக்கும் கல்மேல் படக் கூடாது என்பது சரியான எண்ணம்தான். அதை அவரிடமே ஒத்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள். அதே சமயம் பயம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருக்க வேண்டும். பூனையால் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற தொற்றைப் பற்றிக் கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் கவலைப்படுவார்கள். அந்தக் கிருமியின் முட்டைகளைப் பூனை பொதுவாக முதல் தடவை தொற்று வந்தபோது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் மலத்தில் விடும். வெளியே வந்த முட்டை பரவும் தன்மை பெற ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால் பூனை மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே ஆபத்து பெரிதும் குறையும். கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யாமல் வேறு யாராவது செய்யட்டும். நறுக்குவதற்கு முன் மேடையைத் துடைப்பது, காய்களைக் கழுவுவது, கறியை நன்றாக வேக வைப்பது, இவை பூனை இல்லாத வீட்டிலும் வேண்டியவைதான். பூனை முடி உள்ளே போனால் ஆஸ்துமா வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒவ்வாமை தருவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே இளைப்பு இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோய் விடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிட்டு வருவது நம் பக்கத்தில் காலம் காலமாக நடக்கிறது. வீட்டில் வளர்ந்த பூனைக்கு அது பெரும்பாலும் பட்டினிச் சாவு, அல்லது ஊர் நாய்களிடம் சாவு. பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தைக் காட்டி மாமியாரை மடக்கச் சொல்லவில்லை. அந்தப் பூனைக்கு என்ன ஆகும் என்பதை மெதுவாகச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் மனமிரங்குவார்கள், அவர்களும் பூனைக்குச் சோறு வைத்தவர்கள்தானே.

அவரை இதில் சேர்த்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. "ஏறாதே" என்று சொல்பவர் ஒருவர், மீன் கழுவும்போது குடலையும் தலையையும் மேடையிலிருந்தே எடுத்துப் போடுபவர் இன்னொருவர் என்று பல வீடுகளில் நடக்கிறது. பல சமயம் அது ஒரே ஆளாகவும் இருக்கும். மேடையிலிருந்து ஒரு துண்டுகூடக் கீழே வரக் கூடாது, மாமனார் கையிலிருந்தும் வரக் கூடாது, பிள்ளைகள் கையிலிருந்தும் வரக் கூடாது. கொடுக்க ஆசை என்றால் பலகைக்குப் போய் அங்கே கொடுக்கட்டும். சாயங்கால முட்டைத் துண்டைக் கொடுக்கும் பொறுப்பை அத்தையிடமே விட்டுப் பாருங்கள். பூனை அவர் குரலுக்குப் பலகையில் ஏறி உட்காரும் நாளில் பேச்சு மாறியிருக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் சில வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும். நடுவில் ஒரு கட்டம் வரும், முன்பைவிட அதிகமாக ஏறும், மூடியைத் தட்டும், கத்தும். கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனதால் வரும் கடைசி முயற்சி அது. அந்த நாட்களில் தளர்ந்து எதையாவது கொடுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கருத்தடை ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆகாத பெண் பூனை பருவத்தில் இரவெல்லாம் கத்தி வீட்டைச் சுற்றும், எந்தப் பயிற்சியும் தலையில் ஏறாது. அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம். இதுவரை மேடைப் பக்கம் போகாத பூனை திடீரென்று சாப்பாட்டுக்கு அலைகிறது, தின்றும் மெலிகிறது, குழாயில் தண்ணீருக்காகவே நிற்கிறது என்றால், அதிலும் வயதான பூனை என்றால், பழக்கத்தைத் திருத்துவதை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு, சர்க்கரை நோய், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். உக்கடத்திலிருந்து மத்தி வந்தாலும், பவானிசாகர் அணை மீன் வந்தாலும், கோழி வறுத்தாலும், அந்த வாசத்துக்கு முன்னால் எந்தப் பலகையும் நிற்காது. சொந்தபந்தம் வந்து அடுக்களை நிறைய ஆள் இருக்கும் நாளும் அப்படியே. அன்றைக்குப் பயிற்சி கொடுக்கப் பார்க்காதீர்கள். கழுவ ஆரம்பிக்கும் முன்பே பூனைக்கு அதன் பங்கை மசாலா இல்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்து, வேறொரு அறையில் தண்ணீரோடும் மண் தட்டோடும் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மேடையைச் சோப்புப் போட்டுத் துடைத்த பிறகு திறந்துவிடுங்கள்.